தாசனும் விஜயனும்



இந்த வாரம் 'நாடோடிக்காற்று' என்ற பழைய மலையாளப் படத்தை மறுபடியும் பார்த்தேன். 1987-ல் வந்தது. சத்யன் அந்திக்காடு இயக்கம். சீனிவாசன் எழுதி, மோகன்லாலோடு சேர்ந்து நடித்தது. கேரளத்தில் இந்தப் படத்தைத் தெரியாத வீடு இருக்காது. நம் குமரி மாவட்டத்தைத் தாண்டினால் தமிழ்நாட்டில் தெரிந்தவர்கள் குறைவு. அடுத்த வருடமே பாண்டியராஜனும் எஸ்.வி.சேகரும் நடித்து 'கதாநாயகன்' என்று தமிழிலும் வந்தது. அந்தப் பெயரையும் இப்போது யாரும் சொல்வதில்லை. அதனால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தாசன் பி.காம். முதல் வகுப்பு. விஜயன் பி.டி.சி.யில், அதாவது பழைய பி.யூ.சி. மாதிரியான படிப்பில், தேறாதவன். இருவருக்கும் ஒரே அலுவலகத்தில் ஒரே பியூன் வேலை. அதுவும் போய்விடுகிறது. கடன் வாங்கி இரண்டு மாடு வாங்குகிறார்கள். மாடும் கைகொடுக்கவில்லை. மாட்டை விற்ற பணத்தை கபூர் என்பவரிடம் கொடுத்து, துபாய்க்குப் படகு ஏறுகிறார்கள். இறக்கிவிட்ட கரையில் அரபி உடையோடு நடந்தால், பெயர்ப்பலகைகள் எல்லாம் தமிழில் இருக்கின்றன. அது மெட்ராஸ்! கரையில் அவர்கள் பெட்டி கடத்தல்காரர்களின் பெட்டியோடு மாறிவிடுகிறது. அந்தக் கூட்டமோ இவர்களை சி.ஐ.டி. என்று நினைத்து நடுங்குகிறது. மீதியைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும்.

படம் வந்தபோது நான் ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். அழைப்புக் கடிதம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஊரில் பாதிப் பேருக்கு அதே நிலைமை. மீதிப் பேர் நிலத்தையோ நகையையோ விற்று வளைகுடா போக ஏஜெண்டைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டு பம்பாயோடு திரும்பி வந்தவர்களும் உண்டு. ஆகவே மெட்ராஸ் பெயர்ப்பலகை வந்ததும் தியேட்டரில் எழுந்த சிரிப்பில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் கலந்திருந்தது.

என்னோடு படம் பார்க்க வந்தவன் என் பால்ய சிநேகிதன். பத்தாம் வகுப்பில் தேறாதவன். கொத்தனாருக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தான். டிக்கெட்டும், இடைவேளையில் டீயும் வடையும் அவன் செலவு. சான்றிதழ் என்னிடம் இருந்தது, சம்பளம் அவனிடம் இருந்தது! தாசன் தன் பி.காம். பெருமையைப் பேசும்போதெல்லாம் அவன் என் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான்.

அன்று எனக்குப் படத்தில் தெரிந்தது வேலையில்லாத் திண்டாட்டம். இப்போது பார்க்கும்போது வேறொன்று தெரிகிறது. தாசன் எப்போதும் ஒரு படி மேலே நிற்பான். யோசனை சொல்வதும் ஏவுவதும் அவன்தான். விஜயன் முணுமுணுப்பான், சண்டை போடுவான், கடைசியில் கூடவே வருவான். இருவருக்கும் வேலை ஒன்று, பசி ஒன்று, ஏமாந்த படகும் ஒன்று. பெட்டியில் இருக்கும் சான்றிதழ் அந்தக் கடற்கரையில் ஒரு வேளைச் சோறு வாங்கித் தராது. பக்கத்தில் நடக்கிற ஆள்தான் துணை.

படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் அதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். படிப்பு ஒரு மனிதனுக்கு வழி திறக்கும். அவன் எவ்வளவு பெரிய மனிதன் என்று அளந்து காட்டாது. அளக்கும் கோலாக அதை வைத்துக்கொண்டால் தாசனைப்போல நாமும் வேடிக்கைப் பொருளாகிவிடுவோம்.

கபூராக வந்த மாமுக்கோயாவும், பாலனாக வந்த இன்னசென்டும் 2023-ல் ஒரு மாத இடைவெளியில் போய்விட்டார்கள். என் சிநேகிதன் அதற்கு முன்பே போய்விட்டான். பின்னாளில் சவூதி போய், இரண்டு தங்கைகளைக் கரையேற்றி, ஊரில் ஒரு நல்ல வீடும் கட்டியவன். நான் வேலையில் சேர்ந்த நாளில் அவன்தான் எனக்கு ஒரு பேனா வாங்கித் தந்தான்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், கல்யாண வீடுகளில் ஒன்றைக் கவனிக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் இன்ஜினீயரும் நர்சும் வங்கி அதிகாரியும் ஓடி வந்து, "சார், என்னைத் தெரியுதா?" என்று கேட்கிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் பந்தலின் ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். டிரைவராக, பெயின்டராக, ரப்பர் பால் எடுப்பவராக இருக்கிறவர்கள் அவர்கள். அவர்களில் பலருடைய பெயர், இனிஷியலோடு, எனக்கு நினைவிருக்கிறது.

மக்களே, அடுத்த முறை ஒதுங்கி நிற்காதீர்கள். நேரே வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள். பந்தியில் சேர்ந்தே சாப்பிடுவோம்.

இதைப் படிக்கிற மற்றவர்கள், உங்கள் வகுப்பில் அப்படி யாராவது இருந்தால் அவர்களுக்கு இதை அனுப்பிவிடுங்கள். பேஸ்புக்கில் இல்லாதவர்களுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்