குட் என்றால் நல்லது இல்லை

பழைய இசைத்தட்டுகளை இணையத்தில் வாங்கி விற்பவர்கள் பெரும்பாலும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் 'கோல்ட்மைன்'. 1974-இல் அமெரிக்காவில் ரெக்கார்டு சேகரிப்பவர்களுக்காகத் தொடங்கிய பத்திரிகையின் பெயர் அது. டிஸ்காக்ஸ் தளத்தில் தட்டு விற்கிறவர்களும் இந்த அளவுகோல்படிதான் தரம் போடவேண்டும். கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்கு இந்தப் பெயரைப் பார்த்தால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்? எங்கள் ஊரில் தங்கச் சுரங்கத்தை மூடி வருஷக்கணக்காகிவிட்டது. தட்டுக்காரர்கள் இன்னும் அதை வைத்துத்தான் எடை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அளவுகோல் இதுதான். மேலிருந்து கீழாக மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் பிளஸ், குட், ஃபேர், புவர். இதில் ஒரு விஷமம் இருக்கிறது. 'குட்' என்று போட்டிருந்தால் தட்டு நன்றாக இல்லை என்று அர்த்தம். கீறலும் கரகரப்பும் பாட்டோடு சேர்ந்தே வரும், ஆனால் ஊசி தாவாமல் எப்படியோ ஓடி முடித்துவிடும், அவ்வளவுதான். விலையும் அப்படியே சரியும். நியர் மின்ட் தட்டு நூறு ரூபாய் என்றால் வெரி குட் பிளஸ் ஐம்பது, வெரி குட் இருபத்தைந்து, குட் பத்தோ பதினைந்தோ. ஒரு படி ஏற்றிச் சொன்னால் விலை இரண்டு மடங்காகிவிடுகிறது. பொய் சொல்ல ஆசை வருவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

இதை எங்கள் ஊர் அத்தை ஒருவருக்குப் புரியவைக்க எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆனது.

அத்தை என்றால் சொந்த அத்தை இல்லை. சாம்பியன் ரீஃப் பக்கம் எங்கள் லைனில் எதிர்வீடு. மாமா அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். 2001-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தை மூடியபோது எங்கள் அப்பாவோடு அவரும் கணக்கு முடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பிறகு செக்யூரிட்டி வேலைக்கு தினமும் ரயிலேறி பெங்களூர் போய் வந்தார். போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் விட்டுப்போனதில் ஒரு தகரப் பெட்டி நிறைய 38 ரெக்கார்டுகள்.

பழைய சாமான் வியாபாரி ஒருவர் மொத்தமாக 1500 ரூபாய் தருகிறேன் என்றாராம். பேரன் அதைத் தடுத்து, தானே மூன்று தட்டுகளைப் படமெடுத்து 'நியர் மின்ட்' என்று எழுதி இணையத்தில் விற்றிருக்கிறான். ஒன்று திரும்பி வந்துவிட்டது. தபால் செலவு இரண்டு பக்கமும் அத்தை தலையில். அப்போதுதான் எனக்குப் போன் வந்தது.

"தட்டெல்லாம் நல்லாத்தாம்பா கீது. ஒண்ணுகூட உடையல. மாமா எப்படி வச்சிருந்தாருன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை. ஆனா நல்லா வச்சிருந்தாரா, நிறைய போட்டாரான்னு ரெண்டு கேள்வி இருக்கு."

வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். நேராக வெளிச்சம் போட்டால் எல்லாத் தட்டும் புதுசு மாதிரிதான் தெரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். அப்போது உறையில் உரசி வந்த மயிர்க்கோடுகள் வேறாகவும் நிஜக் கீறல் வேறாகவும் தெரியும். நகத்தை மெல்ல ஓட்டினால் தட்டுப்படுகிற கீறல் கட்டாயம் காதிலும் கேட்கும். எல்பி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றுவதால் குறுக்கே விழுந்த கீறல் 1.8 வினாடிக்கு ஒரு தடவை 'டிக்' என்னும். அடுத்து, நடு ஓட்டையைச் சுற்றி லேபிளில் சிலந்தி ஓடியது போலக் கோடுகள் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தட்டை முளையில் மாட்டியவர்களின் அடையாளம் அது. அந்தக் கோடுகளை வைத்து எத்தனை தடவை ஓடியது என்று ஓரளவு ஊகிக்கலாம். கடைசியாகத் தட்டைக் கண்மட்டத்தில் கிடையாகப் பிடித்தால் வெயிலில் நெளிந்ததா என்று தெரிந்துவிடும்.

பெட்டியில் ஏழெட்டுத் தட்டுகளில் ஒரு சவுண்ட் சர்வீஸின் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. கேசட் வந்த பிறகு மைக் செட்காரர்கள் தட்டுகளைக் கழித்துவிட்டார்கள். மாமா அங்கே வாங்கியிருக்கிறார். திருவிளையாடல் (1965) கதை வசனமும் அதில் ஒன்று. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா என்று குழாய் ஸ்பீக்கரில் ஓடி ஓடித் தேய்ந்த தட்டுகள். கீறலே இல்லாமல் இருக்கும், ஆனால் கறுப்பு போய்ச் சாம்பல் பூத்திருக்கும். கனமான கையும் மழுங்கிய ஊசியும் பள்ளத்தின் சுவரையே தின்றுவிட்டதால் குரல் உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் பிளிறும். போட்டோவில் இது எதுவும் தெரியாது.

எங்கள் ஊருக்கே உரிய வியாதி இன்னொன்றும் உண்டு. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மேடுகளைப் பார்த்திருப்பீர்கள். காற்றடித்தால் அந்தத் தூள் வீட்டுக்குள் வரும், சோற்றில் விழும், பெட்டிக்குள்ளும் போகும். வெள்ளைக்கல்லை மாவாக அரைத்த தூள் அது. பேரன் படம் எடுக்கும் முன் தட்டு பளபளக்கட்டும் என்று உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்திருக்கிறான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரிதான். திரும்பி வந்த தட்டின் கதை இதுதான்.

முதலில் மெல்லிய பிரஷ், பிறகு ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீர், லேபிள் நனையாமல், பள்ளம் ஓடும் திசையிலேயே துடைக்கவேண்டும் என்று சொன்னேன். பழைய 78 சுற்றுத் தட்டு என்றால் ஸ்பிரிட் பக்கமே போகக்கூடாது. அது அரக்கில் செய்தது. ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும்.

கழுவிய பிறகு கண்ணுக்கு நல்லதாகப் பட்ட பதினாறு தட்டுகளை மட்டும் ஆண்டர்சன்பேட்டையில் என் பள்ளித் தோழன் வீட்டில் போட்டுக் கேட்டோம் (நான் போன் வழியாக!). முழுக்கக் கேட்கத் தேவையில்லை. ஆரம்பம் ஒரு நிமிடம், சத்தமான இடம் ஒன்று, லேபிளை ஒட்டிய கடைசிப் பாட்டு. உள்ளே போகப் போக வட்டம் சின்னதாகி ஒரே பள்ளத்தில் ஒலி நெருக்கியடித்துக்கொண்டு கிடப்பதால் தேய்மானம் அங்கேதான் முதலில் கேட்கும்.

அத்தைக்கு இது பிடிக்கவில்லை. "கண்ணால பார்த்தா போதாதா?"

"அத்தை, மைன்ஸ்ல கல்லைப் பார்த்தா தங்கம் இருக்குன்னு சொன்னாங்க?"

சிரித்துவிட்டார். எங்கள் ஊர்க் கல்லில் தங்கம் கண்ணுக்குத் தெரிவது அபூர்வம். ஆரம்ப காலத்தில் ஒரு டன்னுக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்தது, மூடும் சமயத்தில் சுமார் 3 கிராமுக்கு இறங்கிவிட்டது. இரண்டு கல்லையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. மாதிரி எடுத்து, பொடித்து, நெருப்பில் இட்டுப் பார்த்துத்தான் எழுதுவார்கள். மாமா முப்பது வருடம் அந்தக் கல்லை வெட்டி மேலே அனுப்பியவர்.

முடிவாக வெரி குட் பிளஸ் நான்கு, வெரி குட் ஒன்பது. மற்றதெல்லாம் குட் அல்லது அதற்கும் கீழே. உறைக்குத் தனித் தரம் போட்டோம். எழுத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினோம்: "இரண்டாம் பக்கம் முதல் பாட்டில் பத்துப் பதினைந்து டிக். தாவாது." கேட்டுப் பார்க்காததில் "கண்ணால் பார்த்தது மட்டும், ஓட்டிப் பார்க்கவில்லை" என்று போட்டோம். பேரனுக்கு முகம் சுருங்கிவிட்டது. குறையைச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்றான். நான்கு மாதத்தில் பதினோரு தட்டு போயிற்று. ஒன்றும் திரும்பவில்லை. வியாபாரி சொன்ன தொகைக்கு மூன்று மடங்கு வந்தது. பெரிய பணமில்லை, ஆனால் அத்தைக்குக் கண்ணாடி மாற்ற ஆயிற்று.

தூர தேசத்தில் உட்கார்ந்து ஊர்ப் பாட்டுத் தேடுகிற நம்மவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான். தட்டு விலையைவிடத் தபால் செலவு கூட. அதனால் 'எக்ஸலன்ட்', 'சூப்பர்' என்ற சொற்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஓட்டிப் பார்த்தீர்களா, எந்த ஊசியில், கடைசிப் பாட்டு எப்படி என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் சொல்கிறவரிடம் வாங்குங்கள்.

அன்னக்கிளி (1976) இபி ஒன்று புவரில் நின்றது. நடுவே விரிசல், விலை போகாது. அதை என்ன செய்ய என்று கேட்டேன்.

"அதை நான் லிஸ்டுலயே சேக்கலியேப்பா" என்றார் அத்தை.