எலி பிடிக்கத் தெரியுமா?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. குடவோலைக்குப் பெயர்போனது. சபைக்கு வரத் தகுதி என்னவென்று அது அடுக்கிச் சொல்கிறது: வரி கட்டும் நிலம், சொந்த மனை, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் பயிற்சி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதில் பெருமைதான். ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கும் இருளர்களுக்குக் கல்லில் எதுவும் இல்லை. தாங்கள் யார் என்பதைக் கதையாகவும் சடங்காகவும்தான் வைத்திருக்கிறார்கள்.

நீலகிரி, கோவைப் பக்கத்து இருளர்களுக்குத் தனி மொழி உண்டு. அந்த மொழியிலேயே லட்சுமணன் 'ஒடியன்' கவிதைகளை எழுதினார். எங்கள் பக்கத்தில் அவர்கள் பேசுவது நம்ம தமிழ். ஆகவே இங்கே அடையாளத்தைச் சுமப்பவள் கன்னியம்மன். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போய்விட்ட அவளைச் சமாதானம் செய்து கூட்டிவர, மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் கூடுகிறார்கள். மணலில் ஏழு படி கட்டிப் பூசை. பெண் பார்ப்பது, கல்யாணம் எல்லாம் அங்கேயே முடிந்துவிடும். மண்டபத்துக்குக் கடன் வாங்கும் நம்மவர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

பழங்குடிச் சான்றிதழ் கோட்டாட்சியர் கையெழுத்தில் வர வேண்டும். அதற்கு முன் விசாரணை. எனக்குத் தெரிந்த ஓர் அம்மா மகளுக்காக அலைந்துவிட்டு வந்து சொன்னார்: "எலி புடிக்கத் தெரியுமா, பாம்பு புடிப்பியான்னு கேக்கறாங்க சார். அது கம்ப்யூட்டர் படிக்கப் போற பொண்ணு. தெரியாதுன்னுச்சு. அப்ப நீ இருளரே இல்லன்னுட்டாங்க."

அதிகாரம் கதையை எடைபோடுவது எல்லா ஊரிலும் உண்டு. பைகால் ஏரிப் பக்கத்துப் புர்யாத் மக்களின் கெசர் காவியத்தை 1940களின் இறுதியில் நிலப்பிரபுத்துவச் சரக்கு என்று சோவியத் அரசு ஒதுக்கியது. சில ஆண்டுகளில் அதுவே மக்கள் காவியம் ஆனது. பாடியவர்களை யாரும் கேட்கவில்லை.

அந்த விசாரணைக் கேள்வியை நம் சிறுகதைகளும் கேட்கின்றன என்பதுதான் என் வருத்தம். இருளர் வந்தால் கூடவே பாம்பும் வர வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பாம்புத்தோல் தொழில் நின்றது. 1978இல் விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் வந்தது. அதில் இருப்பவர்கள் கொஞ்சம் பேர். அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்தவர்கள் ஏராளம். 'ஜெய் பீம்' (2021) படத்தில் பாம்பு வருவதற்குக் காரணம் இருக்கிறது: பாம்பு பிடிக்க அழைக்கப்பட்ட வீட்டில்தான் ராசாக்கண்ணு மேல் திருட்டுப் பழி விழுகிறது. (நிஜ ராசாக்கண்ணு குறவர், படம் அவரை இருளராக்கியது. அதைத் தனியாகப் பேச வேண்டும்.) பெரும்பாலான கதைகளில் பாம்பு சும்மா அலங்காரம்.

கன்னியம்மன் ஏன் கோபித்துக்கொண்டாள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். ஏதோ பழைய கதை வரும் என்று நோட்டை எடுத்து வைத்திருந்தேன்.

"மில்லுல ரெண்டு வருசம் வெளியவே வுடல சார். மகத்துக்கு யாரும் போவல. தனியாவே உக்காந்திருந்தா கோவம் வராதா?"