பெரிய பிள்ளை ஆனவளுக்கு என்ன கொடுப்பது?



நியூஜெர்சியில் இருக்கும் நம் பள்ளி மாணவி ஒருத்தி போன வாரம் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். "டீச்சர், கூட வேலை பார்க்கிறவங்க யூதக் குடும்பம். அவங்க பையனுக்குப் பதிமூணு வயசு விழா. என்ன பரிசு கொடுக்கிறதுன்னே தெரியல."

அந்த விழாவுக்குப் பார் மிட்ஸ்வா என்று பெயர். 13 வயதுப் பையன் ஜெபக்கூடத்தில் சபை முன் நின்று தோராவை வாசிப்பான். அன்றிலிருந்து சமயக் கடமைகளுக்கு அவனே பொறுப்பு. பெண் பிள்ளைகளுக்கு 12 அல்லது 13 வயதில் பாத் மிட்ஸ்வா. அமெரிக்காவில் ஒரு பெண் பிள்ளை அப்படிச் சபையில் வாசித்தது 1922 மார்ச் 18-ல்தான். நியூயார்க்கில், ஜூடித் கப்லான் என்ற 12 வயதுச் சிறுமி.

நாம் 101, 501 என்று மொய் எழுதுவதுபோல அவர்களுக்கு 18. எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'வாழ்வு' என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். அதனால் 36, 54, 180 டாலர் என்று கொடுப்பார்கள். ஒரு காலத்தில் அங்கே பேனா கொடுப்பது எவ்வளவு வழக்கம் என்றால், அதை வைத்து ஜோக்கே உண்டு. "54 டாலரும் ஒரு நல்ல பேனாவும் கொடு" என்று எழுதிவிட்டேன். (வாத்தியார் புத்தி பேனாவை விட்டு எங்கே போகும்!)

ஆனால் நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் மஞ்சள் நீராட்டு விழாவுக்குப் போகும்போது, அந்தப் பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்று யாராவது கேட்கிறோமா?

தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு வரும். பட்டுப்புடவை, நகை, பழத்தட்டுகள், எவர்சில்வர் அண்டா. எனக்கும் அது பிடிக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் அண்டா பரணுக்குப் போகும், நகை அம்மாவின் பீரோவுக்குப் போகும். மொய் அப்பாவின் நோட்டில் ஏறும். அதுவும் அவர் திருப்பிச் செய்யவேண்டிய கடன். அந்தப் பையன் சபை முன் நின்று வாசிக்கிறான். நம் பிள்ளை தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவள் கைக்கென்று வருவது மாலையும் வளையலும்தான்.

பந்தியிலேயே "எப்போ கல்யாணச் சாப்பாடு?" என்று கேட்கும் பெரிசுகளும் உண்டு. அது வெறும் கேலி இல்லை. எட்டாவது, ஒன்பதாவது வருகைப் பதிவேட்டில் சடங்குக்காகப் பத்து நாள் வராத பெயர்களில் சில, பிறகு வரவே இல்லை. 18 வயதுக்கு முன் திருமணம் குற்றம் என்று சட்டம் இருக்கிறது. அதையும் மீறித்தான் நடக்கிறது.

நான் வேலை பார்த்த ஒரு கிராமத்தில் தாய்மாமன் ஒருவர் சீர்த்தட்டுகளுக்குப் பின்னால் ஒரு லேடீஸ் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். மக்காச்சோளம் போடும் சின்ன விவசாயி. ஊரே சிரித்தது. ஒன்பதாவதுக்குப் பக்கத்து ஊர் போகவேண்டும், பஸ்ஸோ காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. அந்தப் பெண் சைக்கிளிலேயே போய்ப் பன்னிரண்டாவது வரை முடித்தாள். இன்று நர்ஸ். அந்த வருடம் வந்த அண்டாக்களில் எது யார் வீட்டில் இருக்கிறதோ!

மொய்யை வழக்கம்போல எழுதுங்கள், அது ஊர்க்கணக்கு. கூடவே அவளுக்கென்று ஒன்று செய்யுங்கள். படிக்கிற பிள்ளைக்கு நல்ல அகராதி, மேசை விளக்கு. வசதி இருந்தால் சைக்கிள். செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பத்து வயதுக்குள்தான் தொடங்க முடியும். ஏற்கெனவே இருந்தால் அதில் பணம் போடுங்கள்.

இல்லையென்றால் தபால் ஆபீஸ் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. பத்து வயது தாண்டிய பிள்ளை தன் பெயரிலேயே தொடங்கி, தானே கையெழுத்துப் போட்டு நடத்தலாம். 500 ரூபாய் போதும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்தவள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறதே, அதுவும் அவள் பெயரில் உள்ள கணக்குக்குத்தான் வரும். அதுவரை கணக்கு என்றால் என்னவென்று தெரியாமல் ஏன் இருக்கவேண்டும்?

விழா முடிந்த வாரமே ஆதாரும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு அவளையும் கூட்டிப் போங்கள். ஃபாரத்தை அவளே நிரப்பட்டும். தப்பு வந்தால் இன்னொரு ஃபாரம் வாங்கிக் கொடுங்கள், நீங்கள் பேனாவைப் பிடுங்காதீர்கள்.