மலையடி ஸ்டேஷனில் ஒரு சட்டிச் சோறு

ஜப்பான் ரயில் என்றதும் நமக்கெல்லாம் புல்லட் ரயில்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அது வருவதற்கு முன்பும், இன்று அது போகாத ஊர்களிலும், ஜனங்களை அவசரமாகக் கொண்டு சேர்ப்பது 'தொக்யூ' என்னும் ரயில்கள். நம் எக்ஸ்பிரஸுக்கும் ஒரு படி மேல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சின்ன ஸ்டேஷன்களில் நிற்காது. சாதாரண டிக்கெட்டோடு, தொக்யூவுக்கென்று இன்னொரு டிக்கெட்டும் வாங்க வேண்டும். (ஆறு வயது ஆகாத குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் காசு கிடையாது. இளம் தாய்மார்கள் குறித்துக்கொள்ளலாம்!)

இப்படிக் காசு கொடுத்து வாங்கிய வேகம்கூட ஒரு மலையடிவார ஸ்டேஷனில் சில நிமிஷம் நின்றே ஆக வேண்டியிருந்தது. அந்தச் சில நிமிஷத்தை ஒரு பெண்மணி என்ன செய்தார் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

என் தம்பி டோக்கியோவில் வேலையாக இருக்கிறான். அவன் மனைவி உமாவுக்கு முதல் குழந்தை பிறந்தபோது துணைக்குப் போய் மூன்று மாதம் தங்கியிருந்தேன். உமா எம்.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன் பாங்கில் வேலை பார்த்தவள். தம்பி காலையில் போனால் ராத்திரிதான் வருவான். பாஷை தெரியாத ஊர், கைக்குழந்தை, நான்கு சுவர். ஒரு நாள் பால் காய்ச்சிக்கொண்டே, "அக்கா, இப்போ எனக்குச் சாதம் வடிக்கிறதைத் தவிர வேற என்ன தெரியும்?" என்று கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பிளஸ் டூவோடு நின்று, இருபது வருஷத்துக்கு மேல் அடுப்படியில் இருப்பவள். அந்தக் கேள்வி என்னையும் சேர்த்துத்தான் குத்தியது. பதில் சொல்லாமல் குழந்தையை வாங்கிக்கொண்டேன்.

குழந்தைக்கு இரண்டு மாதம் முடிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி எங்களை யோகோகாவா என்ற ஊருக்கு அழைத்துப் போனான். டோக்கியோவிலிருந்து தகாசாகி வரை புல்லட் ரயில். அங்கிருந்து அரை மணிக்குச் சற்று மேல் உள்ளூர் ரயில். யோகோகாவாவோடு ரயில் பாதை முடிந்துவிடுகிறது. எதிரே ஒரே மலை.

அதுதான் உசுயி கணவாய். 1893-லேயே அதன்மேல் ரயில் ஏறிவிட்டது. பதினைந்து மீட்டர் முன்னால் போவதற்குள் ஒரு மீட்டர் மேலே ஏற வேண்டும். ரயிலுக்கு இது பயங்கரமான ஏற்றம். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டை போட்டு, எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டே ஏறும்படி செய்திருந்தார்கள். கல்லாறிலிருந்து குன்னூருக்கு நம் நீலகிரி ரயில் ஏறுகிறதே, அதே முறைதான். 1963-ல் பல்சக்கரத்தைக் கைவிட்டு, கனமான மின்சார எஞ்சின்கள் இரண்டை ரயிலின் அடிவாரப் பக்கத்தில் கோத்து மேலே தள்ளினார்கள். 1966-ல் ஓட ஆரம்பித்த 'அசாமா' தொக்யூ ஆனாலும் சரி, யோகோகாவாவில் நின்று எஞ்சின் மாட்டிக்கொண்டுதான் கருயிசாவாவுக்கு ஏற முடியும்.

ஸ்டேஷன் திறந்த 1885-லிருந்தே ஒகினோயா என்ற கடை அங்கே பயணிகளுக்குச் சாப்பாடு விற்று வந்தது. ஸ்டேஷன் சாப்பாட்டுக்கு ஜப்பானில் 'எகிபென்' என்று பெயர். எகிபென் என்றால் மெல்லிய பெட்டியில் ஆறிப்போன சோறு என்பதுதான் வழக்கம். 1950-களில் கடைப் பொறுப்பு தகாமிசாவா மினெஜி என்ற அம்மாளின் கையில் இருந்தது. கணவர் காலமான பிறகு ஏற்றுக்கொண்ட பொறுப்பு. வியாபாரமோ மந்தம். அந்த அம்மாள் பிளாட்பாரத்தில் நின்று, பயணிகளை ஒவ்வொருவராக, என்ன மாதிரி சாப்பாடு வேண்டும் என்று கேட்டாராம். சூடாக இருக்க வேண்டும், வீட்டுச் சாப்பாடு மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் வந்த பதில்.

சூடு தங்க வேண்டுமானால் பெட்டி உதவாது, மண்சட்டிதான் சரி. மட்பாண்டத்துக்குப் பேர்போன மாஷிகோவில் செய்த குட்டிச் சட்டியில் சோற்றை நிரப்பி 1958-ல் விற்க ஆரம்பித்தார். 'தோகே நோ கமமேஷி', அதாவது கணவாய்ச் சட்டிச் சோறு. பக்குவமாக வெந்த சாதத்தின்மேல் கோழிக்கறி, மூங்கில் குருத்து, காளான், காடை முட்டை. (சைவக்காரர்களுக்கு ஆகாது.) காரம் கிடையாது, லேசான தித்திப்பு. நாளாக ஆக, ரயில் நின்றதும் ஜனங்கள் இறங்கி ஓடி வந்து வாங்கினார்களாம். எஞ்சின் மாட்டி முடித்து ரயில் நகரும்போது, விற்பவர்கள் வரிசையாக நின்று குனிந்து வணங்கி வழியனுப்புவார்களாம்.

1997 அக்டோபர் 1-ல் நாகானோ வரை புல்லட் ரயில் வந்தது. அசாமா என்ற பெயரும் அதற்கே போய்விட்டது. 1987-ல் தேசிய ரயில்வேயைப் பல கம்பெனிகளாகப் பிரித்தபோது இந்தப் பாதை கிழக்கு ஜப்பான் கம்பெனியிடம் வந்திருந்தது. தனி எஞ்சின் வைத்து மலையேற்றுவது இனிக் கட்டுப்படியாகாது என்று, யோகோகாவாவுக்கும் கருயிசாவாவுக்கும் நடுவே 11.2 கிலோமீட்டர் பாதையை மூடிவிட்டார்கள். பிளாட்பாரத்தில் ஓடி வந்து வாங்கிய கூட்டமும் போயிற்று.

கடை போகவில்லை. 1960-களிலேயே மோட்டார் ரோட்டோரமும் கடை போட்டிருந்தார்கள். ஸ்டேஷன் வாசலில் இன்றும் அதே சட்டி கிடைக்கிறது. ஆளுக்கொன்று வாங்கி உட்கார்ந்தோம். மூடியைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. தம்பி கதையைச் சொல்லி முடித்தபோது உமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒவ்வொருத்தரையும் போய்க் கேட்டாங்களா? அது நாம தினம் செய்யறதுதானேக்கா" என்றாள்.

அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். யாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்பது, கேட்டதைச் சுடச்சுடக் கொடுப்பது. நம் வீடுகளில் இதற்கு வேலை என்றே பெயர் கிடையாது. 'சும்மாதான் இருக்கிறாள்' என்பார்கள். அந்தச் 'சும்மா'தான் ரயில் போன பிறகும் ஒரு சின்ன ஸ்டேஷனின் பெயரை நிலைக்க வைத்திருக்கிறது. உமா மறுபடி பாங்குக்குப் போவாளா, வேறு ஏதாவது செய்வாளா என்பது அவள் முடிவு. ஆனால் அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று இனி அவளே சொல்ல மாட்டாள்.

காலிச் சட்டியை யாரும் தூக்கி எறிவதில்லை. நானும் புடவையில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். கிட்டத்தட்ட ஒரு ஆழாக்கு அரிசி வேகும். அரிசியை அரை மணி ஊற வைத்து, சிறு தீயில் வைத்து, தண்ணீர் வற்றியதும் அடுப்பை அணைத்துவிடுங்கள். உடனே திறக்காதீர்கள். பத்து நிமிஷம் மூடியபடியே இருக்கட்டும். அதில்தான் சாதம் மலரும்.