தேய்ந்த எழுத்தும் தமிழ்ப் புள்ளியும்

நாடக போஸ்டருக்கோ புத்தக அட்டைக்கோ பழைய அச்சகச் சாயல் வேண்டும் என்று வருகிறவர்கள், "எழுத்து கொஞ்சம் தேய்ஞ்ச மாதிரி இருக்கட்டும்" என்பார்கள். எங்கே தேய வேண்டும், எதனால் என்று நான் கேட்பேன். மரக்கட்டை எழுத்தில் மை சரியாக ஏறாவிட்டால் நடுவில் வெள்ளைத் திட்டுகள் விழும். மையும் அழுத்தமும் கூடினால் மை ஓரத்துக்கு ஒதுங்கி விளிம்பில் கரை கட்டும். மூலை உடைந்த கட்டை ஒவ்வொரு தாளிலும் அதே மூலையில் குறைபடும். இவை மூன்றையும் ஒரே எழுத்தின்மேல் கொட்டினால் எந்த அச்சகத்திலும் நடக்காத ஒன்றைத்தான் காட்டுகிறோம்.

'அக்கா' என்று அடித்துப் பாருங்கள். இரண்டு ககரத்திலும் ஒரே கீறல் இருந்தால் கணினியில் செய்தது என்று உடனே தெரியும். அச்சுக்கோத்தவர் இரண்டு தனித்தனிக் கட்டைகளை எடுத்திருப்பார். இரண்டும் வேறு வேறு மாதிரி அடிபட்டிருக்கும். இந்த வேறுபாட்டைக் கணினி எழுத்துருவிலும் கொண்டுவரலாம்: 1989-இல் எழுத்துரு வடிவமைப்பாளர்கள் எரிக் வான் பிளாக்லண்டும் யுஸ்ட் வான் ராசமும் பியோவுல்ஃப் எழுத்துருவை அச்சாகும்போதெல்லாம் விளிம்பு மாறும்படி நிரலாக்கினார்கள். மெய் இரட்டித்து வருவது தமிழில் சாதாரணம் என்பதால் நமக்கு ஒரே எழுத்துக்கு மாற்று வடிவங்கள் இன்னும் அவசியம். அதிகம் வரும் எழுத்துகளுக்கு மூன்று வடிவம் வரைந்து, பக்கத்தில் அதே எழுத்து வந்தால் தானாக மாறும்படி ஓப்பன்டைப் விதி எழுதுகிறேன்.

இதைவிடக் கடினமானது புள்ளி. ரோமன் எழுத்தைச் சுற்றித் தூசி தெளித்தால் பெரும்பாலும் அது தூசியாகவே நிற்கும். தமிழில் எழுத்தின் தலைக்குமேல் விழுந்த துகளைக் கண் புள்ளியாகப் படித்துவிடும். ஏகாரத்தின் அடிக்கோடு தேய்ந்தால் 'ஏரி' 'எரி' ஆகிவிடும். அதனால் எழுத்தின் தலைக்குமேல் துகள் வைப்பதில்லை. ஏகாரத்தின் கோட்டை உடைப்பதில்லை. எழுத்தின் உடம்பு எவ்வளவு தேய்ந்தாலும் புள்ளி முழுசாக நிற்க வேண்டும். இதில் நான் யாருக்காகவும் இறங்கி வருவதில்லை.

காலமும் பொருந்த வேண்டும். 1950-களின் தோற்றம் என்று 'கலைவிழா' அச்சடித்து, 'லை'யை இன்றைய வடிவில் விட்டுவிடுகிறார்கள். கீறல் எத்தனை வைத்தாலும் அந்த ஓர் எழுத்து உண்மையைச் சொல்லிவிடும். 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும்வரை ண, ன, ல, ள ஆகியவற்றின் ஐகாரம் பெரும்பாலும் யானையின் துதிக்கை போன்ற வளைவோடுதான் அச்சானது. ணா, றா, னா மூன்றுக்கும் தனி வடிவம் இருந்தது. பெரியாரின் 'குடிஅரசு' 1935-லேயே சீர்திருத்த எழுத்துக்கு வந்துவிட்டதால், சுயமரியாதைக் கூட்டப் போஸ்டர் என்றால் புதிய வடிவம் பொருந்தும். யூனிகோடில் பழைய 'லை'க்கும் புதிய 'லை'க்கும் குறியீடு ஒன்றே. எழுத்துருவுக்குள் துதிக்கையைத் தனியாக வரைந்து வைத்தால்தான் அது கிடைக்கும்.

துணிப்பையில் ஸ்க்ரீன் பிரிண்ட் போடுவதென்றால் தேய்ந்த எழுத்தை நான் கொடுப்பதேயில்லை. முரட்டுத் துணியின் இழை தானே மையை அங்கங்கே தடுத்துவிடும். அதற்குச் சுத்தமான எழுத்தை, புள்ளியை மட்டும் சற்றுப் பெரிதாக்கி அனுப்புகிறேன்.