டிக்கிக்குள் அடங்காத அன்பளிப்பு

எங்கள் வீட்டு முன்மண்டபத்தில் இரண்டு வருடங்களாக ஒரு தள்ளுவண்டி நிற்கிறது. இரட்டைப் பிள்ளைகளுக்கென்றே செய்யப்பட்ட வண்டி. முன்னும் பின்னுமாக இரண்டு தொட்டில்கள், பழுப்பு நிறத் தோல் சுற்றிய கைபிடி, சைக்கிள் சில்லைப் போல காற்றடிக்கும் பெரிய சில்லுகள். வீட்டுக்கு வருகிற எவரும் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பார்கள். "மாஷா அல்லாஹ், என்ன சோக்கா ஈக்கி! எங்க வாங்கின?" என்பார்கள். "டோஹாவிலிருந்து நானா அனுப்பினார்" என்று நானும் பெருமையோடு சொல்வேன். அந்த வண்டி ஒரு நாளாவது எங்கள் காரில் ஏறியதில்லை என்பதை மட்டும் சொல்ல மாட்டேன்.

இரட்டைப் பிள்ளைகள் என்று ஸ்கேனில் தெரிந்த நாளிலேயே நானாவுக்குச் செய்தி போய்விட்டது. "தங்கச்சி, தொட்டில், வண்டி ஒண்டும் நீங்க வாங்க வேணாம். அது என்ட பொறுப்பு" என்றார். அவருக்குக் கலியாணமாகி ஒன்பது வருடங்கள், பிள்ளையில்லை. அந்தப் பேச்சில் இருந்த ஆசையை விளங்கிக்கொண்டு நாங்களும் தலையாட்டினோம். டிக்கியின் அளவைச் சொல்ல வேண்டும் என்று அப்போது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்களிடம் இருப்பது ஓர் அல்டோ. நீளம் 11 அடி சொச்சம், அகலம் 5 அடிக்கும் சற்றுக் குறைவு. வாப்பாவிடம் இருப்பது நனோ; நீளத்தில் அது அல்டோவைவிட ஓர் அடி குறைவு. இரண்டையும் சேர்த்துக் கட்டினாலும் ஒரு வேன் வராது என்று மச்சான் கேலி செய்வார். பெரிய வாகனமாக மாற்றலாமே என்று சொல்லாத ஆளில்லை. எப்படி மாற்றுவது? 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஐந்து வருடங்களில் பாவித்த கார்களின் விலை ஏறிய ஏற்றத்தை வாசகர்கள் அறிவீர்கள். அல்டோவை விற்றால் நல்ல விலைதான், ஆனால் அந்தக் காசுக்கு இன்னோர் அல்டோதான் வரும்!

பிள்ளைகள் 2023 ஜனவரியில், 33 வாரத்திலேயே பிறந்துவிட்டார்கள். மகன் 1 கிலோ 800 கிராம். மகள் 1 கிலோ 600. மூன்று கிழமைக்கும் மேலாகக் குறைமாதப் பிள்ளைகளின் அறையில் வைத்திருந்து, பிறகுதான் வீட்டுக்குத் தந்தார்கள். தரும்போதே ஒரு துண்டும் தந்தார்கள். இரண்டு பேரின் கண்களையும் பரிசோதிக்கக் கண்டிக்கு வர வேண்டும். குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுமையாக வளர்ந்திருக்காதாம். பிறந்து நாலு கிழமை அளவில் பார்க்கத் தொடங்கி, அவை வளர்ந்து முடியும் வரை விட்டுவிட்டுப் பார்க்க வேண்டுமாம். தவறவிட்டால் பார்வையே போகலாம் என்று டொக்டர் சொன்னபோது இவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாவனல்லையிலிருந்து கண்டிக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். கடுகண்ணாவை ஏற்றம் ஏறி இறங்க வேண்டும்.

நானாவின் பெட்டி முதல் கிளினிக்குக்கு இரண்டு நாளைக்கு முன்னர்தான் கார்கோவில் வந்து சேர்ந்தது. முன்மண்டபத்தில் வைத்துப் பிரித்தோம். வண்டியோடு பிள்ளைகளைக் காரில் வைத்துக் கொண்டுபோகும் ஆசனங்கள் இரண்டும் இருந்தன. எல்லாரும் கூடி நின்று பார்த்தோம். மாமி ஒரு துணியை எடுத்துக் கைபிடியைத் துடைத்தார். இவர் வண்டியை மடக்கி முற்றத்துக்குத் தூக்கிப்போய் டிக்கியைத் திறந்தார். அப்படி வைத்தார், இப்படி வைத்தார், சில்லுகளைக் கழற்றிப் பார்த்தார். டிக்கி மூடவில்லை. பின்னாசனத்தில் ஏற்றினால் ஏறியது. ஆனால் பிள்ளைகளுக்கு இடமில்லை. வாப்பாவின் நனோவோ பழைய மொடல். 2015இல் வந்த புது மொடலுக்கு முந்தியவற்றில் பின்கதவு திறக்காது. பின்னாசனத்தை மடித்துத்தான் உள்ளே சாமான் வைக்க வேண்டும். ஆகவே அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

வேன் பிடிக்கலாம் என்றால், ஒவ்வொரு தடவையும் வேன் பிடிக்க எங்களால் ஏலாது. அந்த நாட்களில் பெற்றோலும் கியூ.ஆர். முறையில் கிழமைக்கு இவ்வளவு என்றுதான் கிடைத்தது. கடைசியில் கையில் தூக்கிக்கொண்டே போனோம்.

அந்த நாளை நான் மறக்கவில்லை. இவர் எங்களை வாசலில் இறக்கிவிட்டுக் கார் நிறுத்த இடம் தேடிப் போய்விட்டார். சிசேரியன் காயம் இன்னும் இழுக்கிற எனக்கு ஒரு பிள்ளை. முழங்கால் வருத்தத்தோடு நடக்கிற மாமிக்கு ஒரு பிள்ளை. கண்மணி விரிவதற்கு மருந்துச் சொட்டு விடுவார்கள்; சிறிது நேரம் கழித்து மறுபடியும் விடுவார்கள். அது விரியும் வரை காத்திருக்க வேண்டும். வாங்கில் இடமில்லை. பிள்ளையைக் கிடத்தவும் இடமில்லை. மூன்று மணித்தியாலம் கை மாற்றாமல் வைத்திருந்தோம். திரும்பி வரும்போது படியில் மாமிக்குக் கால் இடறியது. பின்னால் வந்த ஒரு சிங்களத் தாய் அவருடைய தோளைப் பிடித்து நிறுத்தாவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. மாமி வீடு வந்து சேரும் வரை பேசவேயில்லை. இரவில்தான், "மகள், அடுத்த தரம் என்னக் கூட்டிப் போக வேணாம். என்ட காலில எனக்கு நம்பிக்கயில்ல" என்றார்.

அடுத்த கிளினிக்குக்கு இரண்டு கிழமைதான் இருந்தது. உம்மா பேறுகாலத்தில் என்னைப் பார்த்துக் களைத்து, காய்ச்சலோடு படுத்திருந்தார். மாமியை விட்டால் எனக்கு ஆளில்லை.

மறுநாள் தையல் பெட்டியிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். டிக்கியின் அடிப்பக்கம் அகலம் 35 அங்குலம், ஆசனத்திலிருந்து கதவு வரை 18 அங்குலம். மேலே மறைக்கும் தட்டைக் கழற்றிவிட்டால் உயரம் பிரச்சினையில்லை. நானாவின் வண்டியை மடித்தாலும் 36க்கு 26! முதலிலேயே அளந்திருந்தால் சில்லுகளைக் கழற்றி வியர்த்திருக்கத் தேவையில்லை. கடைகளில் எழுதியிருக்கும் அளவு பெரும்பாலும் விரித்து வைத்த வண்டியின் அளவு. நமக்கு வேண்டியதோ மடித்த அளவு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கண்டியில் குழந்தைச் சாமான் விற்கும் கடைகளில் இரட்டைக்கான கோ-கார்ட் இரண்டு விதமாக இருந்தது. ஒன்று பக்கத்துப் பக்கமாக இரண்டு ஆசனம். குடையைப் போல மடியும். ஆனால் மடித்த பின் மூன்றரை அடி நீளம். எங்கள் டிக்கியில் குறுக்கே வைக்க ஏலாது. விரித்தால் 30 அங்குல அகலம். எங்கள் வீட்டு அறைக் கதவு அதே 30 அங்குலம்தான், நெரிசலான கிளினிக் நடைபாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மற்றது நானாவினுடையதைப் போல முன்னும் பின்னுமானது. ஒடுக்கமான இடத்தில் நன்றாகப் போகும், ஆனால் நீளம், பாரம். படி ஏற்ற முன்பக்கத்தைத் தூக்க வேண்டும்; வயிற்றில் தையல் உள்ளவள் தூக்குகிற பாரமா அது?

இன்னொரு சிக்கலும் இருந்தது. கழுத்து நிற்காத பிள்ளையைச் சாய்வான ஆசனத்தில் வைத்தால் நாடி நெஞ்சில் போய் முட்டும், மூச்சுக்குழல் மடியும். குறைமாதப் பிள்ளைகளுக்கு அது இன்னும் ஆபத்து. காரில் வைக்கும் ஆசனத்திலும் பயணம் முடிந்ததும் பிள்ளையை எடுத்துவிடச் சொல்லித்தான் டொக்டர் எச்சரித்திருந்தார். ஆகவே தட்டையாகப் படுக்க வைக்கக்கூடிய வண்டிதான் வேண்டும். மலிவாகக் கிடைக்கிற குடை வண்டிகள் பலவற்றில் முதுகு முழுமையாகச் சாயாது. அவை உட்காரப் பழகிய பிள்ளைக்குத்தான் சரி.

மூன்றாவது கடையில் நானும் இவரும் பேசாமல் நின்றோம். அப்போது மாமி, ஆம், வரமாட்டேன் என்ற அதே மாமிதான், ஒரு மூலையில் நின்ற சின்னத் தனி வண்டியைக் காட்டி, "இதில ரெண்டு எடுத்தா என்ன?" என்று கேட்டார்.

எங்கள் இருவருக்கும் அது தோன்றவேயில்லை. இரட்டைப் பிள்ளைகள் என்றால் இரட்டை வண்டி என்றே மனதில் பதிந்துவிட்டது!

மடித்தால் 20க்கு 17க்கு 10 அங்குலம். பாரம் 7 கிலோ. முதுகு தட்டையாகப் போகும். கடைக்காரப் பையன் ஒரு கையால் அடித்து மடக்கிக் காட்டினான். அவன் மடக்குவதில் எனக்கென்ன லாபம்? பக்கத்துக் கடையில் 2 கிலோ மாவு வாங்கிவரச் சொல்லி, அந்தப் பையைப் பிள்ளையைப் போல இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் நானே மூன்று முறை மடக்கி விரித்தேன். பிறகு மாவுப் பையை வண்டியில் கிடத்தி, கைபிடியில் என் தோள்பையைக் கொளுவினேன். வண்டி பின்னால் சாய்ந்தது. அன்றிலிருந்து பால் போத்தல் பை கீழேயுள்ள கூடையில்தான். கைபிடியில் ஒரு சீலைத் துண்டுகூடத் தொங்காது.

ஆனாலும் உடனே வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து, நானாவின் கார்கோ அட்டையை வெட்டி அதே அளவில் இரண்டு பெட்டி செய்து டிக்கியில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் நிமிர்ந்து நின்றன. பக்கத்தில் பிள்ளைகளின் உடுப்புப் பைக்கும் இடமிருந்தது. மறுநாள் சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் வாங்கினோம். இரண்டு வண்டிகளையும் பக்கத்தில் பூட்டுகிற கொளுக்கி மூன்றும் வாங்கினோம். உண்மையைச் சொன்னால் அந்தக் கொளுக்கிகள் அவ்வளவு உதவவில்லை. பூட்டினால் ஏறக்குறைய மூன்றடி அகலம். கல் ரோட்டில் ஒரு வண்டி ஒரு பக்கம் இழுக்கும். சமதரையில் நான் தனியாக நிற்கும்போது மட்டும் பூட்டுவேன்.

நானா அனுப்பிய கார் ஆசனங்கள் இரண்டும் பின்பக்கம் பார்த்தபடி பின்னாசனத்தில் கச்சிதமாகப் பொருந்தின. முன்னாசனங்களை நன்றாக முன்னுக்குத் தள்ள வேண்டியிருந்தது. நான் இரண்டுக்கும் நடுவில், ஒரு பக்கமாகச் சரிந்து, சம்பல் அரைத்த அம்மியைப் போல நசுங்கிப் போனேன். "ஒரு பிள்ளைய முன்னுக்கு வையுங்களேன்" என்று அயலில் ஒருவர் சொன்னார். எயார்பேக் இருக்கிற முன்னாசனத்தில் பின்பார்த்த குழந்தை ஆசனத்தை வைக்கவே கூடாது; அது விரிந்தால் பிள்ளையின் தலையில்தான் அடிக்கும்.

இரண்டாவது கிளினிக்குக்கு மாமி வந்தார். வாசலில் நான் ஒரு வண்டியை விரித்தேன், அவர் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். படி ஏறாமல் சரிவுப் பாதையால் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனார். பொல்லுப் பிடிக்கச் சொல்லி நாங்கள் எத்தனை வருடம் கெஞ்சியும் "நான் என்ன கிழவியா" என்றவர், அன்று இரண்டு கையாலும் கைபிடியைப் பிடித்தபடி நிமிர்ந்து நடந்தார். பாரம் கொடுத்து ஊன்றக் கூடாது என்பதை மட்டும் மாவுப் பையின் கதையைச் சொல்லி நினைவூட்டினேன். மருந்துச் சொட்டு விட்ட பின் பிள்ளைகள் இருவரும் தட்டையாகக் கிடந்து தூங்கினார்கள். மகனின் கண் அன்றே பரவாயில்லை என்றார்கள். மகளுக்கு இன்னும் மூன்று தடவை போனோம். மே மாதத்தில்தான், இனி வரத் தேவையில்லை என்று எழுதித் தந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இவ்வளவும் நடந்தது, நானாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய வண்டியை நாங்கள் ஒதுக்கி வைக்கவில்லை. காலையில் விறாந்தையில் நிறுத்தினால் இருவரும் அதில்தான் படுப்பார்கள். நான் சமைக்கும்போது குசினி வாசலுக்கு உருட்டி வருவேன். அந்தப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். நானாவோ, "வெளிய கொண்டு போன படம் ஒண்டு அனுப்பு தங்கச்சி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் மழை, வெயில் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் மாமிதான், "பொய் சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளைய ஏமாத்தாத மகள்" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு நானா, "இங்க மோலில பார்த்தேன் தங்கச்சி. ஒரு குடும்பம் அந்த வண்டிய அப்படியே தூக்கி ஜீப்புக்குப் பின்னால வெச்சாங்க. அதப் பார்த்துத்தான் வாங்கின. உங்கட கார் என்ட ஞாபகத்திலயே வரல்ல" என்றார். கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய், ஓர் அறையில் ஆறு பேரோடு படுக்கிற மனிதர் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "அப்ப ரெண்டு சீற்றும் பாவிக்கிறதானே? பாதிக் காசு மிச்சம்!"

2025 நோன்புப் பெருநாளைக்கு அவர் லீவில் வந்தார். வருவதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. சூட்கேஸ் கடையில் நின்றுகொண்டு பேசினார். "தங்கச்சி, அந்த டிக்கி எத்தன இன்ச்? இன்னொரு தரம் சொல்லு."