தண்ணி ஊத்துற கை

கேளம்பாக்கம் தாண்டி, திருப்போரூர் போகிற சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் இருக்கிறது அந்த நர்சரி. கொரோனா ஊரடங்கில் மாவட்டம் விட்டு மாவட்டம் போகக் கட்டாயமாக இருந்த இ-பாஸ் வேண்டாம் என்று 2020 செப்டம்பர் 1 முதல் தளர்த்தியிருந்தார்கள். அடுத்த வாரமே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்திருந்தார்கள். கை கழுவிவிட்டு உள்ளே நுழைந்தால் மேசை மேசையாகக் குட்டி மரங்கள். ஆல், அரசு, புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ, அடீனியம், ஜேட். எல்லாமே நாலு விரல் ஆழத் தொட்டிகளில்.

நான் நின்றது ஒரு இச்சி மரத்தின் முன்னால். நர்சரிக்காரர்களுக்கு அது ஃபைகஸ். ஒன்றரை அடி உயரம், மணிக்கட்டைவிடத் தடித்த அடிமரம், மண்ணைக் கவ்விக்கொண்டு நாலா பக்கமும் ஓடும் வேர்கள். நல்ல மரம். ஆனால் கிளைகளில் அடியிலிருந்து நுனிவரை சுற்றிச் சுற்றி ஒரு பள்ளம் ஓடியது. விரலை வைத்தால் நகம் உள்ளே போனது.

"கம்பி கடிச்ச தழும்பு சார்" என்றார் பக்கத்தில் டியூபோடு நின்ற அக்கா. "லாக்டவுன்ல வந்தது."

போன்சாயில் கிளையை வளைப்பது கம்பியால்தான். அலுமினியக் கம்பியையோ இளக்கிய செம்புக் கம்பியையோ கிளையைச் சுற்றி 45 டிகிரி சாய்வில் ஓட்டி, மெல்ல வளைத்து நிறுத்துவார்கள். கிளை அந்த வளைவுக்குப் பழகியதும் கம்பியை எடுத்துவிட வேண்டும். குளிர் நாட்டுப் பைன் மரத்தில் கம்பி மாதக்கணக்கில் இருக்கலாம். நம் ஊர் வெயிலில் இச்சி அவ்வளவு நாள் பொறுக்காது. ஆறேழு வாரத்தில் பருத்து, கம்பியையே பட்டைக்குள் விழுங்க ஆரம்பித்துவிடும். அதைக் கவனித்துக்கொண்டே இருக்கிற கண் வேண்டும். பள்ளம் விழப்போகிறது என்று தெரிந்ததும் கட்டரை எடுத்து, கம்பியைத் துண்டு துண்டாக நறுக்கி எடுக்க வேண்டும். சுற்றைப் பிரித்து எடுக்கப் போனால் கிளை ஒடிந்துவிடும்.

கம்பி கட்டுகிற பையன்கள் ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியம் வட்டாரத்துக்காரர்கள். ஊரே நர்சரியாக இருக்கிற ஊர் அது. சென்னை நர்சரிகளுக்கு லாரி லாரியாகச் செடி வருவதும் அங்கிருந்துதான். 2020இல் யுகாதி மார்ச் 25. பண்டிகைக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். 24ஆம் தேதி ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தார். விடிந்தால் யுகாதி, நாடு முழுக்க ஊரடங்கு. பையன்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். முதலாளி வீடு சென்னைக்குள். விவசாய வேலைகளுக்கு மார்ச் கடைசியிலேயே தளர்வு வந்துவிட்டது என்றாலும், தொட்டி மரம் விவசாயத்தில் சேருமா என்று செக்போஸ்ட்டில் நின்று விளக்குவதற்கு அவரால் முடியவில்லை. மிஞ்சியது, பின்தெருவில் குடியிருக்கும் இந்த அக்காவும், பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக் காத்திருந்த அவர் மகளும்.

அக்காவின் வேலை தண்ணி ஊற்றுவதும் களை எடுப்பதும். கம்பி கட்டுகிறவரை அங்கே 'மாஸ்டர்' என்பார்கள். தண்ணி ஊற்றுகிறவருக்கு அப்படி ஒரு பெயர் கிடையாது. கூலியிலும் அந்த வித்தியாசம் உண்டு.

போன்சாயைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கம்பியையும் கத்தரியையும்தான் எழுதுகிறோம். இந்தக் கலைக்கு உயிர் தண்ணீர் ஊற்றுகிற கையில் இருக்கிறது. அந்த ஊரடங்கு மாதங்கள் அதை மறைக்க முடியாதபடி காட்டிவிட்டன. தரையில் நிற்கும் ஆலமரம் வேரைத் தூரத்துக்கு அனுப்பி ஈரத்தைத் தேடிக்கொள்ளும். தொட்டி ஆலுக்கு இருப்பது அந்த நாலு விரல் மண்தான். சித்திரை வெயிலில் காலையில் நனைத்த மண் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். ஒரு நாள் தவறினால் இலை கருகும். தொடர்ந்து தவறினால் பல வருஷம் பாடுபட்டு வளர்த்த மரமும் போய்விடும். தண்ணீர் ஊற்றப் பழகவே மூன்று வருஷம் என்று ஜப்பானியத் தோட்டக்காரர்கள் சொல்வதுண்டு.

அக்கா ஊற்றுவதைக் கூடவே நடந்து பார்த்தேன். முதலில் டியூபைத் தரையில் போட்டுத் தண்ணீரை ஓடவிட்டார். வெயிலில் கிடந்த டியூபுக்குள் தங்கிய தண்ணீர் கை வைக்க முடியாத சூடு. விரலில் பிடித்துப் பார்த்து, சூடு தணிந்த பிறகுதான் மேசைக்கு வந்தார். முனையில் பூவாளித் தலை மாட்டியிருந்தது. இலைமேல் ஒரு வீச்சு, மண்மேல் ஒரு சுற்று, உடனே அடுத்த தொட்டி. இவ்வளவு போதுமா என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. மேசை முழுக்க முடித்துவிட்டு மறுபடி முதல் தொட்டிக்கு வந்தார்.

"இப்பதான் சார் நெஜமா ஊத்துறது."

காய்ந்த மண் சுருங்கித் தொட்டி ஓரத்தை விட்டு விலகி நிற்கும். முதலில் ஊற்றுகிற தண்ணீர் அந்த இடுக்கு வழியாக இறங்கி அடித்துளையில் ஓடிவிடும். பார்க்கிறவருக்கு மரம் வயிறாரக் குடித்த மாதிரி தெரியும், ஆனால் வேர்ப்பந்து உள்ளே வறண்டே கிடக்கும். முதல் சுற்று மண்ணை இளக்குவதற்கு, இரண்டாவது சுற்றுதான் வேருக்கு. அது முடிந்ததும் சில தொட்டிகளை ஒரு மூலையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஈரம் இருக்கிறதா என்று கனமே சொல்லிவிடும். ஒரு புளியை அப்படித் தூக்கியவர் தலையை ஆட்டிவிட்டு, தொட்டியோடு கொண்டுபோய் ஒரு பிளாஸ்டிக் டப்பில் அமுக்கினார். மண்ணிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று கிளம்பியது. கடைசிக் குமிழி அடங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.

அந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிந்திருப்பதைச் சுரண்டிக் காட்டினார். கோடையில் இலை ஓரம் கருகினால் வெயிலா, உப்பா என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டுமாம். உப்பென்றால் நுனியிலிருந்து கருகும் என்றார்.

ஏப்ரல் நடுவில் போர் மோட்டார் புகைந்துவிட்டது. காயில் கட்டுகிற கடை எதுவும் திறக்கவில்லை. அம்மாவும் மகளும் தெரு அடிபம்பில் அடித்துக் குடத்தில் சுமந்தார்கள். இத்தனை மரத்துக்கும் இரண்டு வேளைத் தண்ணீர் சுமப்பது நடக்கிற காரியமா? நிழல்வலைக்கு அடியில் மணலைப் பரப்பி, சின்னத் தொட்டிகளை மேசையிலிருந்து இறக்கி விளிம்புவரை மணலில் புதைத்தார் அக்கா. மணலை நனைத்து வைத்தால் தொட்டி சூடேறாது, அடித்துளை வழியாக ஈரமும் ஏறும். அப்புறம் ஆல், அரசு, இச்சி மரங்களின் இலைகளை, காம்பை மட்டும் விட்டுவிட்டு மொத்தமாகக் கத்தரித்தார். தண்ணீர் ஆவியாகப் போவது இலை வழியாகத்தான். இலை இல்லாவிட்டால் மரத்தின் தாகமும் குறையும். இதே வேலையை மாஸ்டர்களும் செய்வதுண்டு, அடுத்து வரும் இலை சிறுத்து அழகாக வர வேண்டும் என்பதற்காக. இவர் மரத்தைப் பிழைக்க வைக்கச் செய்தார்.

வீடியோ காலில் பார்த்த முதலாளி பதறிவிட்டாராம். "எல்லாத்தையும் மொட்டையடிச்சிட்டியான்னு கத்துனாரு. துளிர் வந்ததும் எம்பொண்ணு போட்டோ அனுப்புனா. அப்புறம் ஒண்ணும் சொல்லல."

எந்த மரத்துக்குச் செய்யலாம், எதற்குச் செய்யக் கூடாது என்று எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"ஆடு மேஞ்ச ஆலங்கன்னு சாவறதில்லையே சார். நம்ம கண்ணால பாக்குறதுதான்."

தாவரவியல் புத்தகத்தில் இதைவிடத் தெளிவாக எழுதிவிட முடியாது. ஆனாலும் நர்சரியில் இருந்த ஜூனிப்பர்கள் எல்லாம் போய்விட்டன. இந்தக் கடலோர வெயிலில் அவை எப்போதுமே அரை உயிர்தான். கார்மோனாவில் பாதி போனது. அடீனியமும் ஜேட்டும் தண்ணீரை உடம்பிலேயே சேர்த்து வைத்திருக்கிறவை, ஊரடங்கு என்று ஒன்று வந்ததே அவற்றுக்குத் தெரியாது. காகிதப்பூ வறட்சி கண்டால்தான் நன்றாகப் பூக்கும். வாங்க ஒரு ஆள் வராத அந்த ஏப்ரலில் அது இலை தெரியாமல் பூத்துக் கொட்டியதாம். கம்பியை மட்டும் எடுக்க முடியவில்லை. கட்டர் மாஸ்டரின் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. பூட்டை உடைக்க அக்காவுக்கு மனசு வரவில்லை.

இந்த நர்சரிக்கு எனக்கு வழி சொன்னவர் மேற்கு மாம்பலத்தில் இருக்கும் ஒரு டீச்சர். தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டைமாடியில் மரம் வளர்க்கிறார். அவர் வீட்டிலும் அந்த மாதங்கள் மரத்தைச் சுற்றித்தான் ஓடின. ஹாலில் மகனுக்கு ஆபீஸ், படுக்கையறையில் பேரனுக்கு ஆன்லைன் வகுப்பு, ஓயாத சமையல், பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணை உள்ளே விடக் கூடாது என்று குடியிருப்போர் சங்கத்தின் உத்தரவு. அதே சங்கம், கூட்டம் சேரும் என்று மொட்டைமாடியையும் பூட்டியது. மரங்கள் மேலே, டீச்சர் கீழே. சங்கத்தில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, காலை ஐந்தரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் ஒரே ஆள் போய்வரலாம் என்ற நிபந்தனையோடு சாவியை வாங்கினார்.

மண் கலவைக்குச் செங்கல் குருணை தீர்ந்துபோனது. கடை ஏது? மாடி ஓரத்தில் கிடந்த பழைய செங்கல்லைப் பேரன் சுத்தியால் உடைத்துக் கொடுக்க, சமையலறை மாவுச் சல்லடையில் சலித்து, தூளைத் தள்ளிவிட்டுக் குருணையை மட்டும் எடுத்துக்கொண்டார். தூள் சேர்ந்தால் மண் அடைத்துக்கொண்டு வேர் அழுகும். செம்மண், குருணை, மக்கிய எரு, அவ்வளவுதான் அவர் கலவை. மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும். பேரன் அந்த வருஷம் கற்றதில் உருப்படியானது செங்கல் உடைத்ததுதான் என்று டீச்சர் உறுதியாகச் சொல்கிறார். ஆசிரியர் சொல்கிறார், நான் மறுக்கவில்லை.

ஜூன் 19 முதல் 30 வரை சென்னையில் மறுபடி முழு ஊரடங்கு போட்டார்கள். அந்த நாட்களில்தான் டீச்சர் வீட்டில் எல்லோருக்கும் தொற்று உறுதியானது. வாசலில் மாநகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். 14 நாள் யாரும் வெளியே வரக் கூடாது. மாடிச் சாவி எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் கைக்குப் போனது. அவன் அதுவரை ஒரு துளசிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியவனில்லை. டீச்சர் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு வீடியோ காலில் வகுப்பெடுத்தார்.

"பைப்பை மேலேர்ந்து அடிக்காதடா கண்ணா, மண்ணு தெறிச்சுடும். விரலை உள்ள விடு. முதல் ரேகை வரைக்கும். ஈரமா இருக்கா? அப்ப விட்டுடு, நாளைக்குப் பாத்துக்கலாம்."

அவன் முதலில் எல்லாத் தொட்டிக்கும் சமமாக ஊற்றினான். அடீனியத்தின் அடிப்பகுதி மெத்தென்று ஆவதைத் திரையில் பார்த்து டீச்சர் நிறுத்தச் சொன்னார். எதற்கு எவ்வளவு என்பதில்தான் அவன் திணறினான். தனிமை முடியும் தறுவாயில் ஒரு நாள், கேமராவைத் திருப்புவதற்கு முன்பே சொன்னானாம்: "டீச்சர், அந்த ஓரத்து அரசு நேத்து மாதிரி இல்ல. இலையில பளபளப்பு போயிடுச்சு." இலை தொங்குவதற்கு முன்னால் வருகிற அடையாளம் அது. தொங்கிய பிறகு எல்லோருக்கும் தெரியும், மங்குகிறபோதே தெரிய வேண்டும். அதைக் கேட்டதும் இனி மரங்களைப் பற்றிக் கவலையில்லை என்று நிம்மதியாகத் தூங்கியதாக டீச்சர் சொன்னார்.

மரத்தைக் கட்டிப்போட்டு, பட்டினி போட்டுக் குள்ளமாக்குகிறீர்கள் என்று போன்சாய்க்காரர்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள் நிறைய. வீட்டில் வைத்தால் ஆகாது என்பவர்களும் உண்டு. பட்டினி போட்டால் மரம் சாகுமே தவிர குட்டையாகாது. வேரையும் கிளையையும் பருவம் பார்த்துக் கத்தரித்து, உரமும் தண்ணீரும் குறைவில்லாமல் கொடுத்தால்தான் அது நிற்கும். வாஷிங்டனில் உள்ள தேசிய போன்சாய் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளைப் பைன் இருக்கிறது. 1625இலிருந்து தொட்டியில் வளர்வதாகக் கணக்கு. ஹிரோஷிமாவில் யமாகி குடும்பத்தின் தோட்டத்தில் இருந்த மரம் அது. 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி குண்டு வெடித்த இடத்திலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில், ஒரு மதிலுக்குப் பின்னால் இருந்ததால் தப்பியது. 1976இல் அமெரிக்காவுக்கு அன்பளிப்பாகப் போனது. மதில் காப்பாற்றியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள். ஆகஸ்ட் அங்கே நல்ல கோடை. அந்தத் தொட்டிக்கு மறுநாளோ அதற்கு மறுநாளோ யாரோ தண்ணீர் ஊற்றியிருக்க வேண்டும். நான் நினைத்துக்கொண்டே இருப்பது அவரைத்தான்.

ஜூலைக்குப் பிறகு நர்சரிக்கு போன்மேல் போன். வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்களுக்குப் பச்சையாக ஏதாவது வேண்டியிருந்தது. வாங்கிப் போகிறவர்களில் பலர் ஏசி ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார்கள் என்பது அக்காவின் மனக்குறை. "இது வெளிய இருக்குற மரம் சார். காத்தும் வெயிலும் வேணும். சொல்லித்தான் அனுப்புறேன். போட்டோ நல்லா வரணும்னு உள்ள கொண்டுபோயிடுறாங்க."

முதலாளி அன்று வந்திருந்தார். அந்த அம்மா இல்லையென்றால் நர்சரியே இல்லை என்று மனசாரச் சொன்னார். அப்படியென்றால் மாஸ்டருக்குக் கொடுக்கிற கூலியை அவருக்கும் கொடுங்கள் என்றேன். யோசிக்கிறேன் என்றார். இதில் யோசிக்க ஒன்றுமில்லை என்பதையும் அவரிடமே சொல்லிவிட்டேன். அக்காவிடம் கேட்டதற்கு, "தீபாவளி வரட்டும், பாப்போம்" என்று பேச்சை முடித்துக்கொண்டார்.

ஐப்பசி மழை வந்தால் தண்ணி ஊற்றுகிற வேலை மிச்சம்தானே என்று கேட்டேன்.

"மழையிலதான் சார் பயமே." விடாமல் பெய்தால் தட்டைத் தொட்டியில் தண்ணீர் தேங்கி, வேர் மூச்சு முட்டிச் செத்துவிடும். ஒவ்வொரு தொட்டியையும் ஒரு பக்கம் சாய்த்து வைத்துத் தண்ணீரை இறக்க வேண்டும். அடித்துளையின் வலையில் மண் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நர்சரியில் புதிதாக ஒரு பெண்ணைச் சேர்த்திருந்தார்கள். அவள் மடியில் உடைந்த ஓட்டுச் சில்லுகள். அக்கா ஒரு தொட்டியைத் தூக்கி அடியைக் காட்டினார். "தொளை இருக்குற பக்கம் கீழ எறங்கணும். எதிர்ப்பக்கம் சில்லு வை. ரொம்ப ஒசத்தாத, மண்ணு சரிஞ்சிடும்." அவள் வைத்ததை ஒரு விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, கூட்டிக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனார்.